பழமர நோய்களும் மழைநீரும்



டுரியான் மரத்தை விதையிலிருந்து வளர்த்துப் பலன் காண ஏறத்தாழ 7 முதல் 10 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒட்டுக்கன்று நட்டாலும் 4, 5 ஆண்டுகள் ஆகிவிடும். இவ்வளவு காலம் உரமும் உழைப்பும் போட்டு ஆளாக்கிய மரம், நோய் பற்றிவிட்டால், ஓரிரு மழைக்காலங்களுக்குள் பட்டுப்போகக்கூடும். கீரைப்பாத்தி கெட்டால் அடுத்த மாதமே மறுபடி விதைக்கலாம். பழமரம் கெட்டால் இழப்பது ஒரு பருவத்துப் பழத்தை மட்டுமன்று. பத்தாண்டுக் காலத்தையும் சேர்த்தே இழக்கிறோம். சிறுதோட்டக்காரரின் குடும்பத்துக்கு அது தாங்க முடியாத அடி.

மரம் வாடத் தொடங்கியதும் நம்மில் பலர் செய்வது என்ன? கடைக்குப் போகிறோம். "மரம் அழுகுகிறது, மருந்து கொடுங்கள்" என்கிறோம். கொடுத்ததை வாங்கி வந்து தெளிக்கிறோம். மரம் பிழைப்பதில்லை. பிறகு மருந்தைக் குறை சொல்கிறோம்.

மருந்து தேவைதான். ஆனால் அது மூன்றாவதாக வர வேண்டியது. நோய்க்கிருமி எந்த வழியாக வருகிறது என்பதை அறிந்து அந்த வழியை அடைப்பது முதல் வேலை. வந்திருப்பது எந்த இனக் கிருமி என்று கண்டுகொள்வது இரண்டாவது வேலை. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நம் நாட்டில் கிருமி பெரும்பாலும் நீரின் வழியாகவே வருகிறது. இதையே இன்றைய உரையில் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் டுரியான் மரத்தின் கொடிய நோயாகிய பட்டையழுகலை எடுத்துக்கொள்வோம். மலாயாவில் இந்நோய் 1934-ஆம் ஆண்டு பினாங்கில் கண்டறியப்பட்டது. இன்று டுரியான் பயிராகும் தென்கிழக்காசிய நாடுகள் எல்லாவற்றிலும் தோட்டக்காரர்களுக்கு இதுவே பெரும் பகையாக இருக்கிறது.

இதை அறிவது எப்படி? அதிகாலையில், பனி ஈரம் காயுமுன், மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள். தரையை ஒட்டிய அடிமரத்திலோ, கீழ்க்கிளை பிரியும் கவட்டிலோ, நீரில் ஊறியது போன்ற கருத்த திட்டு தென்படும். அதிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் பிசின் போன்ற நீர் கசியும். வெயில் ஏறியதும் அந்தக் கசிவு உலர்ந்துவிடும். அதனால்தான் நடுப்பகலில் தோட்டத்தைச் சுற்றி வருகிறவர் கண்ணுக்கு இந்த நோய் தப்பிவிடுகிறது. ஐயம் ஏற்பட்டால் கத்தி முனையால் மேற்பட்டையை மெல்லச் சுரண்டிப் பாருங்கள். நல்ல பட்டையின் உட்புறம் வெளிர் நிறமாக இருக்கும். நோயுற்ற இடம் செம்பழுப்பாக மாறியிருக்கும்.

இந்தத் திட்டு நாளடைவில் பெரிதாகும். இலைகள் பளபளப்பை இழக்கும், உதிரும், உச்சியில் கிளைகள் ஒவ்வொன்றாகக் காயும். பலவீனப்பட்ட பட்டையில் துளைப்பான் வண்டுகள் புகும். அழுகல் அடிமரத்தைச் சுற்றி முழு வளையமாகிவிட்டால், இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்க வழியில்லை. அத்துடன் மரம் முடிந்தது. உச்சி காய்வதைக் கண்டபின் வைத்தியம் தொடங்குகிறவர் பெரும்பாலும் காலம் கடந்துதான் வருகிறார். நோய் அடியில் தொடங்கியிருக்கும். அடையாளம் உச்சியில் தெரியும். இதை நாம் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும்.

இந்த நோயை உண்டாக்கும் கிருமிக்குப் பைட்டோப்தோரா பால்மிவோரா என்று பெயர். பைட்டோப்தோரா என்ற கிரேக்கச் சொல்லுக்குச் 'செடியை அழிப்பது' என்று பொருள். 1876-இல் ஜெர்மானிய அறிஞர் டி பாரி, உருளைக்கிழங்கு நோய்க் கிருமிக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். 1845-இல் தொடங்கி அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரை அழித்து, ஏறத்தாழ 10 லட்சம் மக்களின் சாவுக்குக் காரணமான நோய் அது. நம் டுரியான் கிருமி அதற்கு நெருங்கிய உறவு.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இந்த இனம் புதியதன்று. அடைமழைக் காலத்தில் வெட்டுப் பட்டையில் செங்குத்தாகக் கறுப்புக் கோடுகள் விழுந்து அழுகுவதை நம் பெரியவர்கள் கண்டிருப்பார்கள். அந்த மாதங்களில் வெட்டிய இடத்தில் மருந்து பூசும் வழக்கமும் அவர்களுக்குத் தெரியும். அந்தக் கறுப்புக் கோட்டையும் பைட்டோப்தோரா இனக் கிருமிகளே உண்டாக்குகின்றன. கொக்கோக் காயைக் கறுக்க வைப்பதும், தென்னையின் குருத்தை அழுக வைப்பதும், பப்பாளிப் பழத்தை அழுக வைப்பதும் இதே பால்மிவோராவின் வேலைதான். ஆகவே டுரியானுக்கு இடையே ஊடுபயிராகப் பப்பாளியோ கொக்கோவோ நடுவது, பகைவனுக்குப் பக்கத்து அறையில் இடம் கொடுப்பதை ஒக்கும்.

இனி, கிருமி நடமாடும் வழியைப் பார்ப்போம். பட்டையும் பழமும் ஈரமாக இருக்கும்போது இந்தக் கிருமி நுண்ணிய வித்துப் பைகளை உண்டாக்குகிறது. அந்தப் பையில் நீர் பட்டதும் அது வெடித்து, உள்ளிருந்து பல சிறிய வித்துகள் வெளிவருகின்றன. ஒவ்வொன்றுக்கும் மயிரிழை போன்ற இரண்டு இழைகள் உண்டு. அவற்றைத் துடுப்பாகக் கொண்டு அவை நீரில் நீந்துகின்றன; வேரையும் பட்டையையும் தேடிச் செல்கின்றன. நீந்துவதற்கு ஆறோ குளமோ தேவையில்லை. மண்துகள்களுக்கு இடையே தேங்கிய நீரே போதும். பட்டைமேல் படிந்திருக்கும் மெல்லிய ஈரப்படலமே போதும். நீரில்லாத காலத்தில், தடித்த தோலுள்ள வேறு வகை வித்தாக மாறி, மண்ணுக்குள் நெடுநாள் உயிரோடு காத்திருக்கவும் இதற்குத் தெரியும்.

மழைத்துளி தரையில் விழுந்து தெறிக்கும்போது மண்ணோடு கிருமியும் தெறித்துத் தாழ்ந்த கிளைகளிலும் காய்களிலும் ஒட்டிக்கொள்கிறது. மரத்தில் மண்கூடு கட்டும் எறும்புகள் அந்த மண்ணை மேலே சுமந்து செல்கின்றன. நத்தையும் சுமக்கிறது. நம் காலணியில் ஒட்டிய சேறும், மண்வெட்டியும், நாற்றுப் பண்ணையிலிருந்து வாங்கி வரும் கன்றின் பை மண்ணும் சுமக்கின்றன.

வழி தெரிந்துவிட்டால் அதை அடைப்பது கடினமில்லை. ஐந்து காரியங்களைச் சொல்கிறோம்.

ஒன்று, வடிகால். மழை விட்ட பிறகும் மரத்தடியில் நீர் தேங்கி நிற்கும் நிலத்தில் டுரியான் நடக்கூடாது. தாழ்ந்த நிலத்தைத் தவிர நமக்கு வேறு நிலமில்லை என்றால், மண்ணை மேடாகக் குவித்து அந்த மேட்டின் மீது கன்றை நட்டு, வரிசைகளுக்கிடையே கால்வாய் வெட்ட வேண்டும்.

இரண்டு, இடைவெளி. 10 மீட்டருக்கு ஒன்றாக நட்டால் 1 ஹெக்டரில் 100 மரங்கள் நிற்கும். ஆசைப்பட்டு நெருக்கி நட்டால், மரங்கள் வளர்ந்தபின் காற்றும் வெயிலும் உள்ளே புகாமல் பட்டை எந்நேரமும் ஈரமாகவே இருக்கும். நட்ட நாளில் கூடுதலாகத் தெரியும் மரங்கள் பத்தாண்டு கழித்து நோயின் கூடமாகிவிடும்.

மூன்று, கீழ்க்கிளை நீக்கம். தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரம்வரை அடிமரம் வெறுமையாக, காற்றாட இருக்கட்டும். மண் தெறித்து எட்டும் உயரத்தில் கிளையோ காயோ வேண்டாம். புல்வெட்டும் இயந்திரமும் பாராங் கத்தியும் பட்டையில் காயம் செய்யாதபடி பார்த்துக்கொள்ளவும் வேண்டும். காயம் என்பது கிருமிக்குத் திறந்துவிட்ட வாசல்.

நான்கு, எரு. நன்கு மக்கிய கோழி எருவும் இலைதழையும் மண்ணிலுள்ள நல்ல நுண்ணுயிர்களைப் பெருக்குகின்றன. அவை இந்தக் கிருமியை அடக்கி வைக்கின்றன. ஆனால் எருவையும் மூடாக்கையும் அடிமரத்தோடு ஒட்டிக் குவிக்காமல் ஒரு முழம் தள்ளியே போட வேண்டும். ஒட்டிப் போட்டால் அடிப்பட்டை உலர வழியில்லாமல் போகும்.

ஐந்து, துப்புரவு. நம் நாட்டில் டுரியான் பழம் தானாக விழுந்த பிறகே பொறுக்குகிறோம். ஈரமண்ணில் நெடுநேரம் கிடந்த பழத்தின் முள்தோலில் பழுப்புத் திட்டு விழுந்து அழுகத் தொடங்கும். மரத்தடியில் வலை கட்டியிருப்பவர்கள் ஓரளவு தப்புகிறார்கள். வலை இல்லாதவர்கள் விழுந்த பழத்தை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். அழுகிய பழத்தை மரத்தடியிலேயே விட்டால், அந்த ஒரு பழமே அடுத்த மழைக்கு எண்ணற்ற வித்துகளைக் கொடுக்கும். அதைத் தோட்டத்துக்கு வெளியே ஆழமாகப் புதைப்பதே முறை.

நடும் ஒட்டு இனத்தையும் கவனிக்க வேண்டும். 1937-இல் பதிவான டி24 சுவையில் பெயர் பெற்றது; ஆனால் பட்டையழுகலுக்கு எளிதில் ஆளாகக்கூடியது. தோட்டம் முழுவதும் ஒரே இனமாக நட்டால், நோய் வரும்போதும் தோட்டம் முழுவதற்கும் வரும். விலை உயர்ந்த இனம் என்பதற்காக அதை மட்டுமே நடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு நோய் வந்துவிட்டால் செய்ய வேண்டியது என்ன? மழையில்லாத நாளாகப் பார்த்து, அழுகிய பட்டையைக் கூரிய கத்தியால் செதுக்கி எடுக்க வேண்டும். செம்பழுப்பு நிறம் முடிந்து நல்ல பட்டை தெரிந்த பின்னும் 1 அல்லது 2 சென்டிமீட்டர் சேர்த்தே செதுக்குவது நல்லது. செதுக்கிய துண்டுகளைத் தரையில் உதிர விடாமல் சாக்கு விரித்துப் பிடித்து எரித்துவிட வேண்டும். பிறகு அந்தப் புண்ணில் செம்புச் சத்துள்ள பசையைப் பூச வேண்டும்.

வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க பசை ஒன்று உண்டு. அதற்குப் போர்தோ கலவை என்று பெயர். அது பிறந்த கதையும் சுவையானது. பிரான்சு நாட்டில் போர்தோ வட்டாரத்தில் சாலையோரத் திராட்சைக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறித்துத் தின்றார்கள். அவர்களைத் தடுக்கத் தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துக் கொடிகள்மீது தெளித்து வைத்தார்கள். பார்ப்பதற்கு நஞ்சு பூசியது போல் நீலமாக இருக்கும். 1882-இல் அந்த வழியே சென்ற பேராசிரியர் மில்லார்டே, மற்றக் கொடிகள் நோயால் இலை உதிர்த்து நிற்க, சாலையோரக் கொடிகள் மட்டும் பசுமையாக இருப்பதைக் கண்டார். ஆராய்ந்து, 1885-இல் அந்தக் கலவையை மருந்தாக அறிவித்தார். அந்தத் திராட்சை நோயின் கிருமியும் நம் டுரியான் கிருமியின் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

தெளிப்பதற்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் என்பது அளவு. புண்ணில் பூசும் பசைக்கு நீரை 10 லிட்டராகக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியிலோ மண்பானையிலோ கரைக்க வேண்டும். இரும்பு வாளி கூடாது. பிறகு மயில்துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். துலக்கிய இரும்புக் கத்தி ஒன்றைக் கலவையில் ஒரு நிமிடம் அமிழ்த்திப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இன்னும் சிறிது சேர்க்க வேண்டும். கலந்ததை அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

செம்பு மேற்பூச்சுதான், பட்டைக்குள் ஆழப் புகாது. உள்ளே சென்று வேலை செய்ய இன்று பாஸ்போனேட் என்னும் மருந்து இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1980-களில் அவகாடோ மரத்தின் வேரழுகலுக்கு இதைக் கையாண்டு வெற்றி கண்டார்கள். பிறகு டுரியானுக்கும் பயன்படுத்தினார்கள். அடிமரத்தில் சாய்வாகச் சிறு துளையிட்டு ஊசிக்குழல் மூலம் செலுத்துவார்கள். அது மேலே இலைக்கும் போகும். கீழே வேருக்கும் இறங்கும். இளந்தளிர் விட்டிருக்கும் வேளையில் செலுத்தினால் தளிர் கருகும். இலை முற்றிய பின்னரே செலுத்த வேண்டும். மரத்தின் பருமனுக்கு ஏற்ற அளவை விவசாய இலாகா அதிகாரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. பைட்டோப்தோராவை முன்பு பூசண இனத்தில் சேர்த்திருந்தார்கள். உண்மையில் அது பூசணமன்று; பழுப்பு நிறக் கடற்பாசிகளுக்கே அது நெருங்கிய உறவு. பூசணத்தின் உடல் அமைப்பு வேறு, இதன் உடல் அமைப்பு வேறு. அதனால் 'பூசணக்கொல்லி' என்று சீட்டு ஒட்டிய மருந்துகளில் பல இதனிடம் பலிப்பதில்லை. அதுபோலவே பாஸ்போனேட் மருந்து உண்மையான பூசணங்களுக்கு ஏற்றதன்று. வெறுமனே "மரம் அழுகுகிறது" என்று கேட்டு வாங்கும் மருந்து பயன்படாமல் போவதற்கு இதுவே காரணம்.

உண்மையான பூசண நோய்க்கு எடுத்துக்காட்டு வெள்ளை வேர் நோய். இது ரப்பர் மரத்தின் பழைய பகைவன். வேரின்மேல் வெள்ளை நூல் போலப் படரும். இது நீந்துவதில்லை, வேரோடு வேர் உரசும் இடத்தில் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குத் தாவும். மண்ணுக்குள் விட்டுவிட்ட ரப்பர் அடிக்கட்டையில் பல ஆண்டுகள் உயிர் வாழ்ந்து, பின்னால் அங்கு நடப்படும் பலா போன்ற மரங்களையும் பிடிக்கும். ரப்பரை அழித்துப் பழத்தோட்டம் போடுகிறவர்கள் கன்று வாங்குமுன் பழைய கட்டைகளையும் வேர்களையும் தோண்டி எடுத்துவிடுவதே இதற்குச் சரியான காப்பு.

மூன்றாவது இனம் பாக்டீரியா. இதன் வேகம் வேறு. இதற்குரிய வைத்தியமும் வேறு. மார்டி என்னும் நம் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1987-இல் எக்சோத்திக்கா என்ற பப்பாளி இனத்தை வெளியிட்டது. சிறிய, இனிய பழம். வெளிநாட்டுச் சந்தையிலும் பெயர் எடுத்தது. 2003-ஆம் ஆண்டின் இறுதியில் ஜொகூர் மாநிலம் பத்து பகாட்டில் பப்பாளி மரங்கள் உச்சியிலிருந்து அழுகி விழத் தொடங்கின. சில ஆண்டுகளுக்குள் நோய் பிற மாநிலங்களுக்கும் பரவி, பெரும் பெரும் பப்பாளித் தோட்டங்கள் கைவிடப்பட்டன. எர்வினியா என்னும் பாக்டீரியாவே காரணம் என்று பின்னர் உறுதியாயிற்று.

இலைக்காம்பிலும் உச்சிக் குருத்திலும் எண்ணெய் தடவியது போன்ற ஈரத் திட்டுகள் தோன்றுவது இதன் முதல் அடையாளம். பிறகு உச்சி தொங்கி, நாற்றமெடுத்து அழுகும். இதற்கு மருந்து தேடிக் காலத்தைக் கழிக்கக்கூடாது. நோயுற்ற மரத்தைக் காப்பாற்றும் மருந்து இல்லை. அந்த மரத்தை உடனே அகற்றி அழித்தால்தான் அடுத்த மரம் பிழைக்கும். ஒரு மரத்தை வெட்டிய கத்தியால் இன்னொரு மரத்தைத் தொடக்கூடாது. வீட்டில் துணி வெளுக்கும் குளோரின் நீர் 1 பங்குக்கு 9 பங்கு நீர் சேர்த்துக் கத்தியை அதில் நனைத்துக் கழுவிய பின்னரே அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். வேலை முடிந்ததும் நல்ல நீரில் அலசி எண்ணெய் தடவி வைத்தால் கத்தி துருப்பிடிக்காது.

வாழைக்கும் இப்படிப்பட்ட பாக்டீரியா வாடல் நோய்கள் உண்டு. பூவை நாடி வரும் பூச்சிகள் அதைச் சுமந்து வருகின்றன. தாரில் சீப்புகள் முழுவதும் வெளிவந்தவுடன் வாழைப்பூவை நீக்கிவிட்டால் பூச்சி வரும் வாசல் அடைபடும். கத்தியால் வெட்டுவதைவிடக் கவட்டைக் கம்பால் முறித்து எடுப்பது பாதுகாப்பானது. நல்ல மரத்துப் பூ வீட்டுக் கறிக்கும் ஆகும்.

எந்த மருந்தை வாங்கினாலும் 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று சீட்டைப் பார்த்து வாங்குங்கள். கையுறை, முகமூடி இல்லாமல் தெளிக்க வேண்டாம். தெளித்தபின் எத்தனை நாள் கழித்துப் பழம் பறிக்கலாம் என்பதும் சீட்டில் இருக்கும். அந்த நாள்கணக்கை மீறக்கூடாது. அந்தப் பழத்தை உண்பவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு.

இறுதியாக, ஆண்டுக்கு ஒரு கால அட்டவணை வைத்துக்கொள்வோம். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. அங்கே மார்ச் மாதமும் செப்டம்பர் மாதமும் வடிகாலைத் தூர்வாரும் மாதங்கள். கிழக்குக் கரையில் நவம்பர் முதல் ஜனவரி வரை பெருமழை. ஆகவே அக்டோபருக்குள் அந்த வேலையை முடித்துவிட வேண்டும். பழப்பருவம் முடிந்ததும் காய்ந்த கிளைகளை நீக்கி, தரையைத் துப்புரவாக்கி, எரு போட வேண்டும். மழை மாதங்களில் வாரம் ஒருமுறையாவது, அதிகாலையில், ஒவ்வொரு மரத்தின் அடியையும் சுற்றிப் பார்க்க வேண்டும். உள்ளங்கை அளவில் காணும் அழுகலை ஒரு கத்தியும் ஒரு கிண்ணம் பசையும் தீர்த்துவிடும். அதையே ஆறு மாதம் விட்டுவிட்டால் எந்த மருந்தும் தீர்க்காது.

வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பது நம் முன்னோர் சொல். பழத்தோட்டக்காரருக்கு அந்த அணை, மண்வெட்டி கொண்டு அவர் வெட்டும் வடிகால்தான். அடுத்த மழை இறங்குமுன் உங்கள் மரங்களின் அடியை ஒருமுறை பார்த்துவிடுங்கள், நேயர்களே.